டிஎஸ்சி பவர்சீரிஸ் அலாரம்: அந்த மஞ்சள் விளக்கை எரியவிடாதீர்கள்

வீட்டுத் திருட்டு அலாரமான டிஎஸ்சி பவர்சீரிஸின் கீபேடில் கவனிக்க வேண்டிய விளக்குகள் மூன்று. பச்சை எரிந்தால் கதவெல்லாம் சாத்தியிருக்கிறது, அலாரம் போடலாம். சிவப்பு எரிந்தால் அலாரம் போட்டாயிற்று. மஞ்சள் எரிந்தால் சிஸ்டத்தில் எங்கேயோ கோளாறு. புதுச்சேரி லாஸ்பேட்டை வீடானாலும் கடலூர் மஞ்சக்குப்பம் வீடானாலும், இந்த அலாரம் மாட்டிய இடத்தில் முதலில் பார்க்க வேண்டியது அந்த மஞ்சளைத்தான். "அது எப்பவும் எரியும், கண்டுக்காதீங்க" என்று வீட்டில் சொன்னால் அங்கே அலாரம் பாதிதான் வேலை செய்கிறது. பேட்டரி செத்தாலும் சைரன் ஒயர் அறுந்தாலும் சொல்வதற்கு இருப்பது அந்த ஒரு விளக்குதான். ஏற்கெனவே வேறெதற்கோ எரிந்துகொண்டிருந்தால் புதிதாக வந்த கோளாறு யார் கண்ணுக்கும் படாது.

இங்கே பேசுவது பிசி1832 போர்டும் பிகே வரிசைக் கீபேடும் சேர்ந்த செட். கனடாவில் தொடங்கிய கம்பெனி. பவர்சீரிஸ் நியோ என்ற அடுத்த தலைமுறை வந்துவிட்டது. ஆனாலும் பழைய போர்டு உள்ள வீட்டை வாங்கியவர்களும் வாடகைக்கு வந்தவர்களும் நிறையப் பேர், கையேடு இல்லாமல் கீபேடு மட்டும் கிடைத்தவர்கள். போர்டிலேயே 8 சோன் (கதவு, சென்சார் இணைக்கிற தனித்தனி லைன்) உண்டு, விரித்தால் 32 வரை போகும். தலைவாசல், கொல்லைக் கதவு, மாடிக் கதவு, ஹாலிலும் படிக்கட்டிலும் மோஷன் சென்சார் என்று கணக்குப் போட்டால் சாதாரண வீட்டுக்கு 8 தாராளம்.

கீபேடில் தேர்வு உண்டு. பிகே5500 எழுத்தாகவே காட்டும். பிகே5501 படக்குறியும் எண்ணும் மட்டும் காட்டும். பிகே5508ல் 8 சோனுக்கு 8 விளக்கு, அவ்வளவுதான். பெரும்பாலான வீடுகளுக்குப் பிகே5500 சரி. எந்த நேரத்தில் எந்தக் கோட் நம்பர் போட்டு அலாரத்தை எடுத்தார்கள் என்ற பதிவைத் திரையிலேயே தள்ளித் தள்ளிப் பார்க்கலாம். ஆனால் திரை முழுக்க ஆங்கிலம். பகல் முழுக்கப் பாட்டியும் தாத்தாவும் மட்டும் இருக்கிற வீட்டுக்குப் பிகே5508தான் நல்லது. "3: கொல்லைக் கதவு" என்று தமிழில் எழுதிப் பக்கத்தில் ஒட்டிவிட்டால், மூன்றாவது விளக்கு எரிகிறதா என்று பார்த்தாலே போதும்.

வெளியே கிளம்பும்போது பச்சை எரிகிறதா என்று பாருங்கள், நாலு இலக்கக் கோடை அழுத்துங்கள், வாசல் வழியாகப் போய்க் கதவைச் சாத்துங்கள். கம்பெனி செட்டிங்கில் வெளியேற 120 நொடி, திரும்பி வந்து கோட் போட 30 நொடி. நொடிக்கொரு பீப் கேட்கும், கடைசி 10 நொடியில் வேகமாக அடிக்கும். இரவில் உள்ளேயே இருக்கும்போது ‘ஸ்டே’ பொத்தானை 2 நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும். கதவுகளுக்குக் காவல் இருக்கும், உள்ளே இருக்கிற மோஷன் சென்சார்கள் ஒதுங்கிக்கொள்ளும். கோடை மட்டும் போட்டுவிட்டு வாசல் கதவைத் திறக்காமல் உள்ளேயே இருந்தாலும் தானாக ஸ்டேக்குப் போய்விடும், மாட்டியவர் உள் சென்சார்களை ஸ்டே/அவே வகையாக (வீட்டில் ஆள் இருக்கும்போது ஒதுங்கி, இல்லாதபோது மட்டும் காவல் காக்கிற வகை) புரோகிராம் செய்திருந்தால். செய்யாமல் விட்டிருந்தால் இரவு தண்ணீர் குடிக்க எழுந்தவருக்குச் சைரன் அடிக்கும். அதனால்தான் பல வீடுகளில் ராத்திரி அலாரமே போடுவதில்லை. குறை மெஷினில் இல்லை, ஐந்து நிமிடப் புரோகிராமிங்கில் சரியாகிற விஷயம்.

அடுத்தது விடிகாலைக் கோலம். வெளிநாட்டுக் கையேட்டில் இதற்கு விடை கிடைக்காது. அலாரம் ஸ்டேயில் இருக்கிறது, ஐந்தரை மணிக்கு அம்மா வாசல் தெளிக்கப் போக வேண்டும். இதற்கென்று ‘ஸ்டே’ இருக்கிற வரிசையிலேயே ஐந்தாவது பொத்தானாக ‘எக்ஸிட்’ இருக்கிறது. ஸ்டார் 0 அழுத்தினாலும் அதே வேலைதான். மாட்டியவர் இந்த வசதியைத் திறந்து வைத்திருக்க வேண்டும். அழுத்தியதும் 2 நிமிடம் கிடைக்கும், ஒரு கதவு வழியாக வெளியே போகலாம். ஆனால் கோலம் 2 நிமிடத்தில் முடிவதில்லை, மார்கழியில் கேட்கவே வேண்டாம். கதவைத் திறந்து போட்டபடி கோலம் போட்டால், 2 நிமிடம் முடிந்ததும் உள்ளே வரும் நேரம் எண்ணத் தொடங்கும். அந்த 30 நொடியும் போனால் தெருவே எழுந்துவிடும். வெளியே வந்ததும் கதவைச் சாத்திவிட்டால் பிரச்சினை இல்லை. திரும்பி வந்து கதவைத் திறந்த 30 நொடிக்குள் கோட் போட்டால் போதும். சாத்த வழியில்லை என்றால் முதலிலேயே கோட் போட்டு அலாரத்தை எடுத்துவிட்டு, கோலம் முடிந்து உள்ளே வந்ததும் மறுபடி ஸ்டே போடுவதே நிம்மதி.

ஸ்டார் 9 என்று ஒன்று உண்டு. அதை அழுத்திக் கோட் போட்டால் 30 நொடி அவகாசமே கிடையாது, கதவு திறந்த கணமே சைரன். தனியாக இருக்கிறவர்களுக்கு இரவில் நல்லது. வெளியூரிலிருந்து இரவில் யாராவது வரவேண்டியிருந்தால் போடாதீர்கள்.

இனி மஞ்சள் விளக்கு. ஸ்டார் 2 அழுத்தினால் எந்தக் கோளாறு என்பது எண்ணாக வரும், பிகே5500ல் எழுத்தாக வரும். 1 வந்தால் சர்வீஸ் தேவை. 2 கரண்ட் இல்லை. 3 டெலிபோன் லைன் இல்லை. 4 தகவல் போய்ச் சேரவில்லை. 5 சோன் பழுது. 6 யாரோ சென்சார் மூடியைத் திறந்தது. 7 ஒயர்லெஸ் சென்சாரின் பேட்டரி. 8 கடிகாரம் தொலைந்தது. 1 எரிந்தால் அங்கேயே இன்னொரு முறை 1 அழுத்துங்கள். உள்ளே இன்னொரு பட்டியல் விரியும்: அதில் 1 என்றால் மெயின் பேட்டரி இறங்கிவிட்டது, 2 என்றால் சைரன் சர்க்யூட் அறுந்திருக்கிறது. பார்த்து முடித்ததும் ஹேஷ். பத்து நொடிக்கொரு தரம் இரண்டு பீப் அடித்துக்கொண்டிருந்தாலும் ஹேஷ் அழுத்தினால் அடங்கும். சத்தம்தான் அடங்கும், கோளாறு அப்படியே இருக்கும்.

நம் ஊர் வீடுகளில் நிரந்தரமாக எரிகிற மஞ்சளுக்கு வழக்கமான காரணங்கள் 3ம் 8ம். போர்டு லேண்ட்லைன் காலத்தில் வடிவமைத்தது. லேண்ட்லைனை எடுத்துவிட்ட பிறகும் அந்தக் கண்காணிப்பை நிறுத்தாமல் விட்டால் 3 போகவே போகாது. மாட்டியவர் கீபேடிலிருந்தே அதை நிறுத்திவிடலாம். கட்டாயம் நிறுத்தச் சொல்லுங்கள்.

8ஐ நீங்களே சரிசெய்யலாம். ஸ்டார் 6, மாஸ்டர் கோட், பிறகு 1. நேரம் 24 மணிக் கணக்கில் நாலு இலக்கம், அடுத்து தேதி ஆறு இலக்கம். இங்கேதான் கைதவறும்: தேதியில் முதலில் மாதம், பிறகு நாள், பிறகு வருடம். 25ஆம் தேதியை நம் வழக்கப்படி அடித்தால் 25வது மாதம் கிடையாது என்று நீளமான ஒலியோடு மறுத்துவிடும், அது பரவாயில்லை. ஆகஸ்ட் 5ஐ 0508 என்று அடித்தால் மறுக்காது. மே 8 என்று எடுத்துக்கொண்டு பேசாமல் இருக்கும். பிறகு திருட்டு நடந்து பதிவைப் பார்க்கும்போது தேதி எல்லாம் தப்பாக இருக்கும், போலீஸிடம் காட்டக்கூட உதவாது.

சிறிய வேலைகள் சில. ஒரு சன்னலைத் திறந்தே வைக்க வேண்டுமென்றால் ஸ்டார் 1, இரண்டிலக்க சோன் எண், ஹேஷ். அந்த சோன் இந்த ஒரு தடவைக்கு மட்டும் ஒதுங்கும், அலாரத்தை எடுத்ததும் திரும்ப வந்துவிடும். ஸ்டார் 4 கதவு மணி. மூன்று பீப் வந்தால் ஆன், ஒரு நீள ஒலி வந்தால் ஆஃப். ஸ்டார் 3 அழுத்தினால் கடைசியாக எந்த சோன் அடித்தது என்று தெரியும், அடுத்த முறை அலாரம் போட்டதும் அந்த நினைவு அழிந்துவிடும். ஆகவே சைரன் அடித்தால் முதலில் ஸ்டார் 3, மற்றதெல்லாம் அப்புறம்.

கோட் விஷயத்தில் கண்டிப்பு வேண்டும். மாஸ்டர் கோட் கம்பெனியிலிருந்து 1234 என்று வருகிறது. அதை மாற்ற: ஸ்டார் 5, 1234, பிறகு 40 (மாஸ்டர் கோடின் இட எண்), புது நாலு இலக்கம், இரண்டு தரம் ஹேஷ். வீட்டு வேலைக்கு வருகிற அக்காவுக்கு 02ஆம் இடத்தில், கார் ஓட்டுகிற அண்ணனுக்கு 03ஆம் இடத்தில் என்று தனித்தனிக் கோட் கொடுங்கள். ஒருவர் வேலையை விட்டுப் போனால் அந்த ஒரு கோடை மட்டும் அழிக்கலாம், குடும்பம் முழுவதும் புது எண்ணை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இந்தக் கீபேடின் பொத்தான்கள் ரப்பர். இரண்டு வருடம் ஒரே கோடை அழுத்தினால் அந்த நாலு பொத்தானும் தேய்ந்து மினுமினுக்கும். பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள், மற்ற ஆறும் மங்கலாக, அந்த நாலு மட்டும் பளபளவென்று தெரியும். நாலு எண் தெரிந்துவிட்டால் மிச்சம் 24 வரிசைதான். வருடத்துக்கு ஒரு தரம் வேறு எண்களுக்கு மாறுங்கள்.

மாட்டியவருக்கென்று தனியாக இன்ஸ்டாலர் கோட் ஒன்று உண்டு, கம்பெனி செட்டிங்கில் 5555. அது மாறியிருக்க வேண்டும், மாற்றிய எண் எழுத்தில் உங்கள் கையில் இருக்க வேண்டும். சிலர் இன்ஸ்டாலர் லாக் என்ற ஒன்றைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அதன் பிறகு அவர் கோட் இல்லாமல் போர்டைப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. அவர் ஊரை விட்டுப் போனால் போர்டையே தூக்கிப்போட்டு வேறு வாங்க வேண்டும். பணம் கொடுப்பதற்கு முன்பே லாக் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

அதோடு ஒரு சென்சாரின் மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். உள்ளே பச்சை, நீலம், சிவப்புக் கோடு போட்ட குட்டி ரெசிஸ்டர் இருக்க வேண்டும், 5.6 கிலோ ஓம். அது ஒயரின் கடைசி முனையில் இருந்தால்தான் நடுவில் யாராவது இரண்டு ஒயரையும் சேர்த்து முறுக்கினாலும் போர்டுக்குத் தெரியும். வேலை சுலபமாக முடியட்டும் என்று எல்லா ரெசிஸ்டரையும் போர்டுப் பெட்டிக்குள்ளேயே மாட்டிவிடுகிற பழக்கம் இருக்கிறது. அப்படி மாட்டினால் ரெசிஸ்டர் இருந்தும் பயனில்லை.

கடற்கரை ஊருக்கென்று சில தொல்லைகள். தேவனாம்பட்டினம், முத்தியால்பேட்டை பக்கம் வெளிச்சுவர் சைரனின் ஸ்க்ரூக்களில் உப்புக்காற்றால் பச்சைக் களிம்பு ஏறும். ஒயர் முனைக்கு ஈயம் வைத்து, சைரனைச் சன்ஷேடுக்குக் கீழே மாட்டினால் நாள்படும். மழைக்காலத்தில் தேக்குக் கதவு ஊறி நிலையோடு சரியாகப் பொருந்தாது. காந்தத்துக்கும் சென்சாருக்கும் இடைவெளி கூடிப் பச்சை எரியாது. அதைவிட மோசம், பூட்டு விழாமல் கதவு மெல்லத் திறந்துகொண்டு வெளியேறும் நேரம் முடிந்ததும் சைரன் அடிப்பது. ஐப்பசி வருவதற்குள் கதவை இழைத்து, அகலமான இடைவெளி தாங்குகிற காந்த சென்சாருக்கு மாறுங்கள். முற்றம் வைத்த பழைய வீடுகளில் முற்றத்தைப் பார்த்து மோஷன் சென்சார் வைக்கவே வேண்டாம். வெயில், மழை, பூனை எல்லாம் அதற்கு ஆள்தான். முற்றத்திலிருந்து உள்ளே வருகிற கதவுகளுக்குக் காந்தம் போடுங்கள். சென்சார் முகத்தில் பல்லி ஊர்ந்தாலும் சைரன் அடிக்கும், மேலே ஒயர் நுழைகிற ஓட்டையை அடைத்துவிடுங்கள். பூஜை அறைப் பக்கம் புகை சென்சார் இருந்தால் சாம்பிராணிக்கு நிச்சயம் கத்தும், இடம் மாற்றுவதைத் தவிர வழியில்லை. இன்னொன்று: மோஷன் சென்சார் உடல் சூட்டுக்கும் அறைச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பார்க்கிறது. மே மாத மதியம் பூட்டிய அறை 37 டிகிரியைத் தொட்டால் ஆளும் சுவரும் அதற்கு ஒன்றுபோலத் தெரியும், எட்டும் தூரம் குறையும். கோடையில் ஊருக்குப் போகிற வீட்டில் மோஷனை மட்டும் நம்பாமல் எல்லாக் கதவுக்கும் காந்தம் இருக்கட்டும்.

மிச்சமிருப்பது பேட்டரி. 12 வோல்ட், 7 ஆம்பியர் ஹவர் சீல்டு பேட்டரி. போர்டு, ஒரு கீபேடு, நாலு மோஷன் சென்சார் சேர்ந்து சுமார் 0.3 ஆம்பியர் இழுக்கும். புது பேட்டரி ஒரு நாள் தாங்கும் என்பது காகிதக் கணக்கு. நம் சூட்டில் இரண்டு மூன்று வருடம் ஓடிய பேட்டரியில் அதில் பாதியை எதிர்பார்த்தாலே அதிகம். 2011 டிசம்பர் 30ல் ‘தானே’ புயல் அடித்தபோதும் 2024 நவம்பர் 30ல் ‘ஃபெஞ்சல்’ புயல் கரை கடந்தபோதும் கரண்ட் போனதை நினைத்துப் பாருங்கள். வீட்டு இன்வெர்ட்டர் லைனில் அலாரத்தின் டிரான்ஸ்பார்மரைச் சேர்ப்பது நல்ல யோசனை, சைன்வேவ் இன்வெர்ட்டராக இருந்தால். ஸ்கொயர்வேவில் டிரான்ஸ்பார்மர் உறுமும், சூடாகும்.

புரட்டாசி கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, ஸ்டார் 6, மாஸ்டர் கோட், 4 அழுத்துங்கள். சைரன் 2 நொடி அடிக்கும், கீபேடின் எல்லா விளக்கும் எரியும், போர்டு பேட்டரியையும் சோதிக்கும். பிறகு அலாரத்தின் பிளக்கைப் பிடுங்கி நான்கு மணி நேரம் விடுங்கள். கரண்ட் இல்லாததற்கு 2 எரியும், அது சரி. அதற்குள் ஸ்டார் 2ல் 1ம் சேர்ந்து எரிந்து, மறுபடி 1 அழுத்தும்போது 1 வந்தால் பேட்டரி இறங்கிவிட்டது. பிளக்கைத் திரும்பச் சொருகி, கரண்ட் இருக்கும்போதே பேட்டரியை மாற்றுங்கள், அப்போதுதான் கடிகாரம் தொலையாது. மாற்றிய தேதியை மார்க்கரால் பேட்டரி மேலேயே எழுதிவிடுங்கள்.