பீட்ரூட் வில்லையா, ஆட்டு ரத்தமா: எத்தனால் செல்லை என்ன செய்கிறது என்று காட்ட எது உதவும்?

மதுவில் இருக்கும் ஆல்கஹாலான எத்தனால் பட்டால் செல்லுக்கு என்ன ஆகிறது என்பதைப் பிளஸ் ஒன் பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும் என்று இரண்டு பொருள்களை எடுத்துக்கொண்டேன். ஒன்று, உடுமலைச் சந்தையில் வாங்கிய பீட்ரூட். இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் சொல்லிவைத்து, உறையாமலிருக்க சோடியம் சிட்ரேட் கலந்த பாட்டிலில் பிடித்து வந்த ஆட்டு ரத்தம். இரண்டுக்கும் 0, 10, 20, 40, 70 சதவீதம் என்று ஒரே வரிசையில் எத்தனால்.

பீட்ரூட்டை வில்லை போட்டதும், கத்தி பட்ட செல்களிலிருந்து சாயம் வழியும். அது தெளியும்வரை நாலைந்து தடவை அலச வேண்டும். முதல் தடவை நாங்கள் அவசரப்பட்டு ஒரே தடவை அலசினோம். வெறும் தண்ணீர் ஊற்றிய டெஸ்ட் டியூபே சிவந்து, அன்றைய வகுப்பு வீணானது. மறுநாள் ஒழுங்காக அலசி, இருபது நிமிஷம் ஊறவிட்டோம். தண்ணீரில் நிறமே இறங்கவில்லை. 10-ல் லேசான சாயல். அடர்த்தி ஏற ஏற ரோஜா நிறம் கூடிக்கொண்டே போய், 40-ல் டியூபுக்குப் பின்னால் வைத்த விரல் தெரியவில்லை.

"டீச்சர், வில்லை வெச்சது வெச்சபடியே இருக்குதுங்க. அப்புறம் எப்படிங்க சாயம் மட்டும் வெளிய வந்துச்சு?" என்றாள் ஒரு பிள்ளை. இந்தக் கேள்வி வந்ததற்காகவே பீட்ரூட்டை எனக்குப் பிடிக்கும். பீட்டாசயனின் என்கிற அந்தச் சாயம் செல்லின் நடுவிலுள்ள நுண்குமிழ் (வாக்குவோல்) என்ற பைக்குள் இருக்கிறது. வெளியே வர நுண்குமிழ்ச் சவ்வு, செல் சவ்வு என்று இரண்டைத் தாண்ட வேண்டும். தண்ணீரோடும் கொழுப்போடும் சேரக்கூடிய எத்தனால், சவ்வின் கொழுப்பு அடுக்குக்குள் புகுந்து அதைத் தளர்த்துகிறது. சவ்விலுள்ள புரதங்களின் மடிப்பையும் குலைக்கிறது. ஆனால் செல்லைச் சுற்றியுள்ள செல்லுலோஸ் சுவரை அது கரைப்பதில்லை. அதனால்தான் வில்லை வடிவம் மாறாமல் நிற்கிறது.

ஆட்டு ரத்தத்தில் அந்தச் சுவர் இல்லை. இங்கே ஒரு கண்ணி உண்டு: எத்தனாலை வெறும் தண்ணீரில் கலந்தால், தண்ணீரே சிவப்பணுக்களை ஊதி வெடிக்க வைத்துவிடும், பழி எத்தனால் மேல் விழும். ஆகவே எல்லாக் கலவையிலும் 0.9 சதவீத உப்பு இருந்தாக வேண்டும். அப்படிச் செய்தபோது 10-ல் கலங்கலாகவே இருந்த டியூப், 20-ல் கண்ணாடி போலத் தெளிந்த சிவப்பானது. அணுக்கள் உடைந்து ஹீமோகுளோபின் கரைந்துவிட்டது. 70-ல் பழுப்புத் திரளாகக் கட்டி அடியில் உட்கார்ந்தது. நம் வீடுகளில் ரத்தப் பொரியலுக்குச் சட்டி சூடேறியதும் ரத்தம் கட்டியாவது போலத்தான். அங்கே சூடு குலைக்கிற புரதத்தை இங்கே எத்தனால் குலைக்கிறது. கையைச் சுத்தம் செய்யும் திரவம் கிருமியை எப்படிக் கொல்கிறது என்பதை இதைவிடப் பளிச்சென்று எதுவும் காட்டாது.

மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதற்கு ரத்தம் லாயக்கில்லை. ஆட்டுச் சிவப்பணு 3 முதல் 4 மைக்ரான்தான், மனிதருடையதில் பாதி. பள்ளி மைக்ரோஸ்கோப்பில் புள்ளியாகத்தான் தெரியும். கையுறை வேண்டும், மேசையைப் பிளீச்சிங் கரைசலால் துடைக்க வேண்டும், ரத்தம் என்றாலே ஒதுங்கும் பிள்ளைகளையும் நினைக்க வேண்டும்.

எதைத் தேர்ந்தாலும் ஒன்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லியே ஆக வேண்டும். இந்த டியூபுகளில் இருக்கும் அளவு எந்தக் குடிகாரரின் ரத்தத்திலும் வராது. வண்டி ஓட்டச் சட்டம் விடும் வரம்பு 100 மில்லிக்கு 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதம். 0.4-ஐ நெருங்கினாலே மூச்சு நின்றுபோகலாம். உடம்பில் எத்தனால் ஆளைச் சாய்ப்பது சவ்வைக் கிழித்து அல்ல. நரம்பு செல்களின் சமிக்ஞைப் புரதங்களைத் தடுமாற வைத்துத்தான். கல்லீரல் அதை அசிட்டால்டிஹைடு என்ற நஞ்சாக மாற்றுவது தனிக் கதை. தண்ணீர் தேங்கிய மஞ்சள் வயலில், காற்றில்லாமல் தவிக்கும் வேர் தானே எத்தனால் உண்டாக்குவதும் இந்த இரண்டிலும் தெரியாது.

ஒன்றுதான் முடியும் என்றால் பீட்ரூட்டையே எடுப்பேன்: சவ்வு வேறு, சுவர் வேறு என்று புத்தகம் சொல்வது அதில் கண் முன்னால் நடக்கிறது. அடுத்த வருஷம் எல்லா மேசைக்கும் பீட்ரூட். ரத்தம் என் மேசையில் மட்டும், இரண்டே டியூப், 20-ம் 70-ம்.