ரெடிஸ்: எதை நினைவில் வைக்கும், எதை வைக்காது

இணையத்தில் சதுரங்கம் ஆடும் ஒரு தளத்தின் சர்வர் நான்கு ஆண்டுகளாக என் பொறுப்பில் இருக்கிறது. நடந்துகொண்டிருக்கும் ஒவ்வோர் ஆட்டத்தின் பலகையும் கடிகாரமும், தரவைக் கணினியின் நினைவகத்திலேயே வைத்திருக்கும் தரவுத்தளமான ரெடிஸில்தான் இருக்கின்றன. வேறொன்றுக்கு மாற எனக்கு விருப்பமில்லை. ஆனால் அதன் எந்தப் பகுதியிடம் எதை ஒப்படைப்பது என்று தெரியாமல் இறங்கினால் பலகை பிசகும். எனக்குப் பிசகியது.

இரண்டு சர்வர்களுக்கிடையே நகர்த்தல்களைப் பரப்ப முதலில் ரெடிஸின் பப்-சப்பை (ஒருவர் அனுப்பும் செய்தியைச் சந்தாதாரர்கள் எல்லாரும் கேட்கும் வசதி) எடுத்தேன். எளிது, வேகமானது. ஆனால் அந்த நொடியில் கேட்டுக்கொண்டிருப்பவருக்கு மட்டுமே அது செய்தி சொல்லும். எதையும் சேமித்து வைக்காது. ஆவணத்திலேயே தெளிவாக எழுதியிருப்பதை நான் கவனிக்கவில்லை. ஒரு மாலை, ஒரு சர்வருக்கும் ரெடிஸுக்கும் இடையே இணைப்பு மூன்று நொடி அறுந்தது. வெள்ளை ஆடியவரின் திரையில் கறுப்புக் குதிரை வெட்டுப்பட்டிருந்தது. கறுப்பு ஆடியவரின் திரையில் அது அப்படியே நின்றது. எதிராளி நகர்த்துவார் என்று இருவருமே காத்திருந்தார்கள். கறுப்பின் நேரம் தீர்ந்தது. தோற்றவருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன்.

2018இல் ரெடிஸின் 5.0 பதிப்போடு வந்த ஸ்ட்ரீம்தான் (செய்திகளை வரிசையாகச் சேமித்து வைக்கும் பட்டியல்) இதற்குச் சரியான கருவி. ஒவ்வொரு நகர்த்தலும் மில்லிநொடி நேரமும் வரிசை எண்ணும் சேர்ந்த ஓர் அடையாளத்தோடு அங்கே பதிவாகிறது. இணைப்பு அறுந்து திரும்பும் உலாவி, தான் கடைசியாகப் பார்த்த அடையாளத்தைச் சொல்கிறது. அதற்குப் பின் நடந்தவற்றை மட்டும் சர்வர் அனுப்புகிறது. பழைய பதிவுகளை நான் வெட்டிவிடுவதால், மிகவும் பின்தங்கியவருக்கு முழுப் பலகையையும் அனுப்ப வேண்டியிருக்கும். இங்கே ஒரு பொறி இருக்கிறது: பலகையையும் கடைசி அடையாளத்தையும் தனித்தனியாகப் படித்தால், இடையில் வரும் ஒரு நகர்த்தல் தொலையலாம், அல்லது இரண்டு முறை பதியலாம். ரெடிஸுக்குள்ளேயே ஓடும் சிறு நிரலான ஒரே லுவா ஸ்கிரிப்டுக்குள் இரண்டையும் படிக்கிறேன். அது ஓடும்போது வேறெந்தக் கட்டளையும் குறுக்கே வராது. நகர்த்தல் முறையானதா என்று பார்த்துப் பலகையை மாற்றுவதும் அப்படித்தான். ரெடிஸில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் இதுவே.

ரெடிஸைக் கிளஸ்டரில் (தரவைப் பல சர்வர்களுக்குப் பங்கிடும் அமைப்பில்) ஓட்டுபவர்களுக்கு ஒன்று: இப்படி ஒரே ஸ்கிரிப்டில் படிக்க, ஓர் ஆட்டத்தின் சாவிகள் (தரவைச் சேமிக்கும் பெயர்கள்) எல்லாம், தரவு பங்கிடப்படும் 16384 ஸ்லாட்டுகளில் ஒரே ஸ்லாட்டில் விழ வேண்டும். சாவியின் பெயரில் ஆட்ட எண்ணை நெளிவு அடைப்புக்குறிக்குள் எழுதினால் போதும்.

டிஸ்கில் பதிவது பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மாற்றத்தையும் டிஸ்கில் எழுதிவைக்கும் ஏஓஎஃப் பதிவேடு இயல்பாக அணைந்தே இருக்கும். அதை இயக்கினாலும், நொடிக்கு ஒருமுறை எழுதும் வழக்கமான அமைப்பில் மின்சாரம் போனால் ஒரு நொடி வரையிலான மாற்றங்கள் தொலையக்கூடும். அரட்டைக்கு அது பரவாயில்லை. "ஏற்கப்பட்டது" என்று ஆட்டக்காரரிடம் சொல்லிவிட்ட நகர்த்தலைத் தொலைக்க எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொரு மாற்றத்தையும் உடனே டிஸ்கில் எழுதும் அமைப்பையே வைத்திருக்கிறேன். வேகம் குறைகிறது, ஆனால் மனிதர் யோசித்துக் காய் நகர்த்தும் ஆட்டத்தில் அது யாருக்கும் தெரிவதில்லை. முடிந்த ஆட்டங்கள் போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தளத்துக்குப் போகின்றன. அவற்றின் சாவிகள் ஒரு மணி நேரத்தில் ரெடிஸிலிருந்து காலாவதியாகின்றன.