பிரேக் நன்றாகப் பிடிக்கிறது, பில் கவுன்ட்டர்தான் சரியில்லை (5-க்கு 2)

மதுரை பைபாஸ் ரோட்டில் ஒரு சர்வீஸ் சென்டரில் போன சனிக்கிழமை என் ஸ்கூட்டரை விட்டேன். கடையின் பெயர் வேண்டாம். வேலை பரவாயில்லை. ஆயில் மாற்றி, ஏர் ஃபில்டர் புதிதாகப் போட்டிருக்கிறார்கள், பிரேக் நன்றாகப் பிடிக்கிறது. வாட்டர் வாஷ் சுமார். ஃப்ளோர் மேட்டுக்கு அடியில் சேறு அப்படியே இருந்தது.

என் குறை பில் கவுன்ட்டர் மேல்தான். காலையில் ஜாப் கார்டில் 1,150 ரூபாய் என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். மாலையில் பில் 2,340. முன்னும் பின்னும் பிரேக் ஷூ மாற்றியதாகப் போட்டிருந்தது. எனக்கு ஒரு போன்கூட வரவில்லை. "கேட்காம ஏன் மாத்தினீங்க? கழற்றின பழைய ஷூவைக் காட்டுங்க" என்றேன். நான் வக்கீல். என் குரல் எப்போது உயர்கிறது என்று எனக்குத் தெரியும், அன்றைக்கு உயரவே இல்லை. கவுன்ட்டரில் இருந்த இளைஞர், "எதுக்கு மேடம் சண்டைக்கு வர்றீங்க? வீட்ல சார் இருந்தா வரச் சொல்லுங்க, பேசிக்கலாம்" என்றார்.

கொஞ்ச நேரத்தில் வெள்ளை வேட்டி சட்டையில் ஒருவர் வந்தார். மகனுடைய வண்டி இன்னும் தயாராகவில்லை என்று மேஜையை ஓங்கித் தட்டினார், பேனா ஸ்டாண்டு கீழே விழுந்தது. உடனே நாற்காலி வந்தது, டீ வந்தது, "டென்ஷன் ஆகாதீங்க சார்" என்றார்கள். அவர் போனதும், "ரொம்பக் கறாரான மனுஷன்" என்று மரியாதையாகப் பேசிக்கொண்டார்கள்.

அப்புறம் சாப்பாடு டெலிவரி செய்கிற ஒரு பையன். நான் கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்டான், என்னைவிட மெதுவாக. "தம்பி, ரவுடித்தனம் பண்ணாத" என்றார்கள் அவனிடம். அவன் பணத்தைக் கட்டிவிட்டுப் போய்விட்டான். எனக்கு இன்னும் ஆறாதது அதுதான்.

சட்டக் கல்லூரியில் படித்த ஓர் அமெரிக்க வழக்கு நினைவுக்கு வந்தது. பிரைஸ் வாட்டர்ஹவுஸ் கணக்கு நிறுவனத்தில் 1982-ல் பங்குதாரர் ஆக்க முன்மொழியப்பட்ட 88 பேரில் ஆன் ஹாப்கின்ஸ் ஒருவர்தான் பெண். திறமையை மெச்சியவர்களே அவர் முரட்டு சுபாவம் என்றார்கள். நடை, பேச்சு, உடை எல்லாம் பெண்மையாக இருக்கட்டும், மேக்கப் போடுங்கள் என்று அறிவுரை வேறு. பதவி கிடைக்கவில்லை, வழக்குப் போட்டார். வேலைக்கு அந்த வேகம் வேண்டும், பெண்ணிடம் மட்டும் அது இருக்கக்கூடாது என்றால் அவள் எந்தப் பக்கம் போவாள் என்றுதான் 1989 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் கேட்டது. வேகம் வேண்டிய வேலையிலேயே அப்படி. இங்கே நான் கேட்டது என் பில்லுக்குக் கணக்கு.

கடைசியில் ஒரு வயதான மெக்கானிக் பழைய ஷூக்களை நியூஸ் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்தார். கறுப்புத் தூளை விரலால் துடைத்து, "பின்னாடி மாத்த வேண்டியதுதாம்மா. முன்னாடி பாதிகூடத் தேயல" என்று முதலாளிக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். முன் ஷூவுக்குப் போட்ட 420 ரூபாயைக் கழித்தார்கள். அந்த இரண்டு ஸ்டாரும் அவருக்குத்தான்.

அந்த டெலிவரித் தம்பி இதைப் படித்தால்: ஜாப் கார்டு, பில் இரண்டையும் பத்திரமாக வைத்துக்கொள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம்.