பதிவுப் பெயரையும் வீட்டுப் பெயரையும் கேட்டு எழுதிய அச்சகம்

எங்கள் அப்பாச்சி, அதாவது அப்பாவின் தாயார், வன்னியிலுள்ள முள்ளியவளையில் தமது 88ஆவது வயதில் காலமானபோது, 31ஆம் நாள் கிரியையான அந்தியேட்டிக்குரிய கல்வெட்டை, அதாவது நினைவுப் புத்தகத்தை, அடிப்பிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. கிளிநொச்சி நகரிலுள்ள ஓர் அச்சகத்தில் அந்த வேலையைக் கொடுத்தோம். அவர்கள் செய்த நல்ல வேலையோடு விட்ட ஒரு பிழையையும் சொல்ல வேண்டியிருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. ஆயினும் கல்வெட்டு அடிக்கக் கொடுக்கும் ஒருவர் ஓர் அச்சகத்திடம் எதை எதிர்பார்க்கலாம் என்பதை எங்கள் அனுபவத்திலிருந்து அறிந்துகொள்ளலாம்.

முதலில் வேறொரு கடைக்குத்தான் போனோம். அங்கே முன்பு அடித்த ஒரு கல்வெட்டைக் கணினியில் திறந்து, பெயரையும் படத்தையும் மாற்றினால் இரண்டு நாளில் தரலாம் என்றார்கள். அந்தக் கல்வெட்டிலிருந்த வாழ்க்கை வரலாற்றை வாசித்தேன். அது யாருக்கும் பொருந்தும். ஆகையால் யாரையும் பற்றியதன்று. கிளிநொச்சிக் கடையிலோ, எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு முடிந்த மறுநாள் நாங்கள் போய் அமர்ந்தவுடன், விலையைப் பேசுவதற்கு முன்பே நான்கு பக்கப் படிவம் ஒன்றைக் கையில் தந்தார்கள். குடும்பத்தவர் ஒவ்வொருவருக்கும் மூன்று கட்டங்கள் இருந்தன: பதிவுப் பெயர், வீட்டுப் பெயர், அந்தப் பெயர் வந்த விதம். மூன்றாவது கட்டத்தைக் கண்டவுடனேயே வேலையை இவர்களிடம் கொடுப்பதென்று தீர்மானித்தேன்.

அப்பாச்சியின் பதிவுப் பெயர் தங்கரத்தினம். ஆனால் ஊரில் அந்தப் பெயரைச் சொன்னால் ஒருவருக்கும் தெரியாது. அவர் எல்லோருக்கும் பிச்சையம்மா. அவருக்கு முன் பிறந்த இரண்டு பிள்ளைகளும் காய்ச்சலில் தவறிவிட்டன. டி.டி.ரி. மருந்து தெளிக்கத் தொடங்கிய 1940களின் நடுப்பகுதி வரையில் வன்னிக் கிராமங்களில் மலேரியாவுக்குத் தப்பிய வீடு அரிது. 1936இல் மூன்றாவதாக அவர் பிறந்தபோது, அவருடைய தாயார் ஏழு வீட்டுப் படலைகளில் நின்று கைப்பிடி அரிசி இரந்து வாங்கி, அதில் காய்ச்சிய கஞ்சியைக் குடித்துவிட்டு, 31ஆம் நாள் துடக்குக் கழிவன்று பிள்ளைக்குப் பிச்சை என்று பெயரிட்டாராம். இரந்து பெற்ற பிள்ளை என்று சொல்லிவிட்டால், கொண்டுபோக வந்த சாவு அந்தப் பிள்ளையைப் பாராமல் போய்விடும் என்பது அக்கால நம்பிக்கை. தங்கரத்தினம் என்ற பெயரைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த நாளில் தலைமை வாத்தியார் வைத்தார். பிச்சை என்ற பெயரை இடாப்பில் எழுத அவருக்கு மனம் வரவில்லை.

அவ்வாறு வந்த பெயரில் அப்பாச்சி கையெழுத்து வைத்தாரேயொழிய ஒருநாளும் அதற்குத் திரும்பிப் பார்த்ததில்லை. 2009இல் இடம்பெயர்ந்தோருக்கான செட்டிகுளம் முகாமில் பதிவு நடந்தபோது அந்தப் பெயரை மூன்று தரம் கூப்பிட்டார்கள். அவர் தம்மைத்தான் அழைக்கிறார்கள் என்று அறியாமல் தரப்பாளின் நிழலில் அப்படியே இருந்தார். நான் ஓடிப்போய் எழுப்பினேன். அடையாள அட்டை, காணி உறுதி, கல்யாணப் படம் எல்லாவற்றையும் இழந்து வந்தவரிடம் அன்று எஞ்சியிருந்தது வீட்டுப் பெயர் ஒன்றுதான். அதைக் கேட்பதற்கு முகாமின் பதிவுப் படிவத்தில் இடமிருக்கவில்லை.

இதையெல்லாம் மூன்றாவது கட்டத்தில் எழுதிக் கொடுத்தபோது எங்கள் அத்தைக்கு உடன்பாடில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் சம்பந்திமார் வாசிக்கும் புத்தகத்தில் பிச்சை என்ற சொல் வரக்கூடாது என்றார். கடைக்காரர் அவரோடு வாதாடவில்லை. இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பாவை எழுதித் தரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரிடம் எங்களை அனுப்பினார். அவர் இரண்டு பெயர்களையும் தாளில் எழுதி அசை பிரித்துக் காட்டினார். தங்கரத்தினம் என்பது நேர் நிரை நிரையாகிக் கூவிளங்கனியாக முடிவதால், கனிச்சீரை ஏற்காத வெண்பாவில் ஒரு சீராக நிற்காது. பெயரை வெட்டியோ நீட்டியோதான் இருத்த வேண்டும். பிச்சையம்மா என்பதோ நேர் நிரை நேர், கூவிளங்காய். வைத்த இடத்தில் அப்படியே இருக்கும். “வெண்பாவும் அவவை உந்தப் பேரிலைதான் கூப்பிடுது, பிள்ளை,” என்று அவர் அத்தையைப் பார்த்துச் சொன்னார். அத்தை அழுதுவிட்டுச் சம்மதித்தார். முகப்பில் தங்கரத்தினம் என்று பெரிய எழுத்திலும், அதன் கீழே பிச்சையம்மா என்று அடைப்புக்குறிக்குள்ளும், திதி வெண்பாவில் வீட்டுப் பெயர் மட்டுமாகவும் அச்சாகியிருக்கிறது.

இந்தக் கடையின் திறமை முழுவதும் வெளிப்பட்ட இடம் வம்சாவளிப் பக்கங்கள். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பனின் பெயர் முன்னால் நிற்கும், பிள்ளையின் பெயர் பின்னால் வரும். மூத்த மகனுக்குப் பாட்டனின் பெயரை வைப்பது முன்னாளைய வழக்கமாதலால், எங்கள் வம்சாவளியில் கந்தையாவின் மகன் சின்னத்தம்பி, சின்னத்தம்பியின் மகன் கந்தையா, அவருடைய மகன் மறுபடியும் சின்னத்தம்பி என்று நான்கு தலைமுறை போகிறது. பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதிலிருந்து வந்ததுதானே. ஆனால் மாமனாரின் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்ற வழக்கமும் அதே வீட்டில் இருந்தது. பாட்டனின் பெயரைத் தாங்கிய சொந்தப் பிள்ளையைத் தாய் எப்படிக் கூப்பிடுவாள்? அப்பன் என்றாள், ராசா என்றாள், குஞ்சன் என்றாள். அந்தப் பெயரே பிறகு ஊர்ப் பெயராகிவிட்டது. எங்கள் குஞ்சன் பெரியப்பாவின் பதிவுப் பெயரை நான் முதன்முதலில் அறிந்ததே இந்தப் படிவத்தை நிரப்பியபோதுதான்.

அப்பப்பாவுக்கு வேறு விதமாகப் பெயர் வந்தது. முறைத் தண்ணீர் வரும் இரவுகளில் மற்றவர்கள் வீட்டில் உறங்க, அவர் வயலில் சாக்கை விரித்து, வரம்பில் தண்ணீர் பாய வெட்டிவிட்ட வாயான வக்கடையிலேயே படுத்திருப்பாராம். தண்ணீர் திரும்பினால் உடம்பில் குளிரும், உடனே எழும்பிவிடலாம் என்பது அவருடைய கணக்கு. ஊரில் வேறு இரண்டு சின்னத்தம்பிமார் இருந்ததால் இவர் வக்கடையர் ஆனார். அவருக்குப் பின் எங்கள் வீடு வக்கடையர் வீடு. நான் வக்கடையரின் பேரன். வயல் செய்யாத என் தம்பியைக் கூட அப்படித்தான் கேட்டு வருகிறார்கள்.

ஒரே பெயர் பல தடவை வரும் அந்த அட்டவணையைக் கடையில் கணினியில் இருந்த அக்கா எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயரின் கீழும் வீட்டுப் பெயரைச் சிறிய சாய்வெழுத்தில் இட்டு, எந்தச் சின்னத்தம்பி எந்தச் சின்னத்தம்பி என்று எவரும் பிரித்தறியும்படி இரண்டு பக்கங்களில் விரித்துத் தந்தார். வற்றாப்பளைக் கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கலன்று பிறந்ததால் கண்ணகை ஆன சின்னாச்சி, புதூர் நாகதம்பிரானுக்கு நேர்ந்து பெற்ற நாகேஸ்வரி மாமி ஆகியோரின் பெயர்க் காரணங்களும் ஒவ்வொரு வரியில் இடம்பெற்றன. மாமா ஒருவருக்கு வன்னியசிங்கம் என்று பெயர். 1803இல் முல்லைத்தீவில் ஆங்கிலேயரின் கோட்டையைத் தாக்கிய வன்னித் தலைவன் பண்டாரவன்னியனை மனத்தில் வைத்து அவருடைய தகப்பனார் இட்டது அது. பண்டாரவன்னியன் தோற்கடிக்கப்பட்டதைச் சொல்லும் கல் நின்ற கற்சிலைமடு அவர்களுக்கு அயலூர்.

பிழை நேர்ந்தது கடைசித் தலைமுறையில். 1990களிலும் 2000களின் தொடக்கத்திலும் வன்னியில் பிறந்தவர்களுக்குத் தூய தமிழ்ப் பெயர்களே பெரிதும் இடப்பட்டன. எங்கள் வீட்டிலும் யாழினி, இளவேனில், கவியரசன் என்று இருக்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு மறுபடியும் நட்சத்திர எழுத்துப் பார்க்கிறார்கள். 27 நட்சத்திரங்களின் 108 பாதங்களில் ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து உண்டு. கார்த்திகையில் பிறந்த பிள்ளைக்கு அ, இ, உ, எ என்பவற்றில் ஒன்று. அதன்மேல் எண்சாத்திரமும் சேர்ந்து ஆங்கில எழுத்துகளை இரட்டிக்க வைக்கிறது. கனடாவிலும் பிரான்சிலும் உள்ளவர்கள் தங்கள் பெயர்களையும் பிள்ளைகளின் பெயர்களையும் வட்ஸ்அப்பில் ஆங்கிலத்திலேயே அனுப்பினார்கள். கடையில் அவற்றைக் கேட்டுத் தெளியாமல் தாங்களே தமிழாக்கி, யாழினியை ஜாலினி என்று அச்சடித்துவிட்டார்கள். இரண்டாவது மெய்ப்பில் நான் திருத்திக் கொடுத்தேன். ஆனால் திருத்தம் வம்சாவளியில் மட்டும் ஏறி, நன்றி நவிலலில் ஏறவில்லை. பெயர்களுக்கு இவ்வளவு மரியாதை கொடுத்த கடையில், ழகரத்துக்காகவே தகப்பன் தேர்ந்து இட்ட பெயருக்கு இப்படி நேர்ந்தது எனக்கு மிகுந்த வருத்தமாக இருந்தது. யாழினி பாரிஸிலிருந்து வந்து, அந்தப் பக்கத்தை வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் மூடி வைத்தாள்.

மற்றவற்றில் குறை சொல்ல இடமில்லை. பஞ்சபுராணமும் சிவபுராணமும் பிழையின்றி இருந்தன. நாற்பது பக்கங்கள், 200 பிரதிகள், பிரதி ஒன்றுக்கு 320 ரூபா. முகப்புத் தாள் தடிப்பானது, படங்கள் கறுக்கவில்லை. 30ஆம் நாள் மாலை சொன்ன நேரத்துக்கு வீட்டுக்கே கொண்டுவந்து தந்தார்கள். இங்கே கொடுக்கப் போகிறவர்கள், பிள்ளைகளின் பெயர்களைத் தமிழில் கையால் எழுதுவித்து அதன் படத்தை வாங்கிக் கொடுங்கள். மூன்றாவது மெய்ப்பையும் கேளுங்கள், மறுக்க மாட்டார்கள். வீட்டுப் பெயர்க் கட்டத்தை ஊரிலுள்ள மூத்தவர் ஒருவரை அருகில் இருத்திக்கொண்டு நிரப்புங்கள். எங்களுக்கு அதற்கு மூன்று பின்னேரங்கள் பிடித்தன. அப்பாச்சி போன பிறகு வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டதும் அந்தப் பின்னேரங்களில்தான்.

ஜாலினி விடயத்தை அறிவித்ததும் கடைக்காரர் காரணம் சொல்லாமல் மன்னிப்புக் கேட்டார். எங்களிடம் எஞ்சியிருக்கும் 23 பிரதிகளிலும் அந்தப் பக்கத்தைப் புதிதாக அடித்து மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வருகிற கிழமை அவற்றைக் கொண்டுபோகிறேன்; முதலில் திருந்தும் பிரதி பாரிஸுக்குப் போகும்.