எட்டுத் தொட்டிக்கு ஒரு வேப்பெண்ணெய் பாட்டில்

“எத்தனை ஏக்கருங்க்கா?” என்றுதான் சேலம் செவ்வாய்ப்பேட்டை உரக்கடைக்காரர் முதலில் கேட்டார். எட்டுத் தொட்டிச் செடி, அதுவும் ஹாலுக்குள்ளே, அதற்குத்தான் பூச்சி மருந்து என்று சொன்னதும் ஒரு நிமிஷம் என்னையே பார்த்துவிட்டு, லிட்டர் கேன்களுக்குப் பின்னாலிருந்து தூசி தட்டி ஒரு 100 மில்லி பாட்டிலை எடுத்து வைத்தார். விலை 110 ரூபாய். 1500 பிபிஎம் வேப்பெண்ணெய் மருந்து. சில லேபிளில் அசாடிராக்டின் (வேம்பில் இருக்கும், பூச்சியைத் தடுக்கும் சத்து) 0.15 சதவீதம் என்று போட்டிருப்பார்கள், இரண்டும் ஒன்றுதான். நாலு மாதமாக அதைத்தான் அடித்துக்கொண்டிருக்கிறேன்.

அதற்கு முன்னால் ஆன்லைனில் ஒரு ஸ்பிரே வாங்கி ஏமாந்த கதை உண்டு. 349 ரூபாய், அழகான பாட்டில், “எல்லாப் பூச்சிக்கும்” என்று மேலே பெரிதாக எழுதியிருந்தது, உள்ளே என்ன இருக்கிறது என்று எங்குமே எழுதவில்லை. அடித்தால் எலுமிச்சை வாசம் வந்தது, பூச்சி அப்படியே உட்கார்ந்திருந்தது. அப்புறம் பக்கத்து வீட்டு அண்ணன் தோட்டத்துக்கு வாங்கிய இமிடாகுளோபிரிட் என்ற பூச்சி மருந்தில் கொஞ்சம் கொடுத்தார். குரோட்டன்ஸில் இருந்த மாவுப்பூச்சி குறைந்தது, ஆனால் அரேக்கா பாம் இன்னும் மோசமாகி ஓலையெல்லாம் வெளிறி, தவிட்டைத் தூவியது போல ஆகிவிட்டது.

அந்த ஓலையில் ஒன்றை உரக்கடைக்குக் கொண்டு போயிருந்தேன். அவர் அதை வெள்ளைத்தாள் மேல் இரண்டு தட்டு தட்டினார். மிளகாய்த்தூள் பொடி போல நாலைந்து புள்ளி விழுந்தது, புள்ளி நகர்ந்தது. “இது பூச்சி இல்லைங்க்கா, செம்பேன்” என்றார். செம்பேனுக்கு எட்டுக் கால், சிலந்திச் சாதி. பூச்சிக்கு அடிக்கிற எல்லா மருந்தும் இதற்குக் கேட்காது. இமிடாகுளோபிரிட் செம்பேனைக் கொல்லாது, அதைத் தின்கிற மற்ற உயிர்களைக் கொன்றுவிட்டால் பேனுக்குக் கொண்டாட்டம்தான். இந்த ஒரு விஷயம் முன்பே தெரிந்திருந்தால் அரேக்கா இந்த அளவுக்கு மோசமாகியிருக்காது.

சரி, மருந்துக்கு வருவோம். எண்ணெய் படுகிற பேனும் பூச்சியும் மூச்சடைத்துச் சாகும். அசாடிராக்டின் தின்கிற ஆசையைக் குறைக்கும், குஞ்சு தோல் உரித்து வளர்வதைக் கெடுக்கும். அதனால் அடித்த மறுநாளே எல்லாம் செத்து விழும் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான். முட்டையையும் பெரிதாக ஒன்றும் செய்யாது. சேலத்து ஏப்ரல் வெயிலில் செம்பேன் முட்டையிலிருந்து முழு வளர்ச்சிக்கு வர ஒரு வாரம் போதும், ஆகவே ஐந்து நாளுக்கு ஒரு முறை என்று நாலு முறையாவது அடித்தாக வேண்டும். நான் இரண்டாவது முறையோடு நிறுத்தி, பத்து நாளில் மறுபடி ஓலைக்கும் தண்டுக்கும் நடுவே நூலாம்படையைப் பார்த்து, முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

கலக்குவதில்தான் நிறைய பேர் சொதப்புகிறார்கள், நான் உட்பட. வேப்பெண்ணெய் தண்ணீரோடு தானாகச் சேராது. இந்த மருந்தில் கலப்பதற்கான சரக்கு ஏற்கெனவே இருக்கும், செக்கு எண்ணெய் வாங்கினால் நாம்தான் சேர்க்க வேண்டும். முதலில் சிக்கனம் பார்த்து செக்கு எண்ணெயை நேரே தண்ணீரில் ஊற்றி அடித்தேன். எண்ணெய் மேலே மிதந்து, கடைசியில் வந்த வெறும் எண்ணெய் முழுக்க பீஸ் லில்லி மேல் விழுந்தது, அதை மத்தியானம் பால்கனியில் வேறு வைத்தேன். இலை வெந்த கீரை மாதிரி ஆனது. இப்போது செக்கு எண்ணெய் என்றால் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் காதி சோப்புக் கரைசல் ஒரு ஸ்பூன் விட்டு, அப்புறம்தான் 5 மில்லி எண்ணெய். எங்கள் போர் தண்ணீர் உப்பு, அதில் சோப்பு திரிந்து எண்ணெய் பிரிந்துவிடுகிறது. காவிரித் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கலக்குகிறேன். கலக்கியதை அன்றே தீர்த்துவிட வேண்டும். அடிப்பது பொழுது சாய்ந்த பிறகு, இலைக்கு அடியில்.

பலன் எப்படி? அரேக்காவில் ஐந்தாவது வாரம் புது ஓலை பச்சையாக வந்தது. ஆனால் அந்தப் பெருமையில் பாதி பாத்ரூம் ஷவருக்குப் போக வேண்டும், ஒவ்வொரு முறையும் செடியைத் தூக்கிப்போய் இலையடியை நன்றாகக் கழுவிய பிறகுதான் மருந்து. மாவுப்பூச்சியில் குஞ்சுகள் ஒழிந்தன, மெழுகு போர்த்திய பெரிய பூச்சிக்கு எண்ணெய் ஒட்டவே இல்லை; அதைப் பஞ்சில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்டு ஒவ்வொன்றாகத் துடைத்தேன். எறும்பு வரிசையை நிறுத்தாவிட்டால் அதுவும் வீண், மாவுப்பூச்சி விடுகிற தேன் மாதிரி இனிப்பு நீருக்காக எறும்பே இதைக் காவல் காக்கும். தொட்டி மண்ணிலிருந்து பறக்கிற கறுப்புக் கொசு மாதிரியான ஈக்கு இந்த மருந்தால் எனக்குப் பலனே இல்லை. தேங்காய் நார்த் தூள் எப்போதும் ஈரமாக இருந்ததுதான் காரணம், தண்ணீரைக் குறைத்து மஞ்சள் ஒட்டு அட்டை இரண்டு வைத்ததும் அடங்கியது.

மாவுப்பூச்சி என்றாலே எங்கள் பெரியப்பாவுக்குக் குச்சிக்கிழங்குக் (மரவள்ளி) காடுதான் ஞாபகம் வரும். 2008 வாக்கில் பப்பாளி மாவுப்பூச்சி வந்து மரவள்ளியையும் விடாமல் உறிஞ்சியபோது எத்தனையோ மருந்தடித்தும் அடங்கவில்லை. 2010ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்த துளியூண்டு ஒட்டுண்ணிக் குளவிதான் அடக்கியது. வீட்டுக்குள் அந்தக் குளவியும் வராது, பொறிவண்டும் வராது, மழையும் கழுவாது. அந்த மூன்று வேலையையும் நாமே பஞ்சும் ஷவருமாகச் செய்யவேண்டியிருக்கிறது, பாட்டில் கூடமாட ஒத்தாசைதான்.

கடைக்காரர் ‘நனையும் கந்தகம்’ என்று தண்ணீரில் கலந்து அடிக்கிற கந்தகத் தூளையும் எடுத்துக் காட்டினார், செம்பேனுக்கு அது நல்ல மருந்து. ஆனால் எண்ணெய் அடித்து இரண்டு வாரத்துக்குள் கந்தகம் பட்டால் இலை கருகும், 32 டிகிரிக்கு மேல் வெயில் இருந்தாலும் கருகும். நம் ஊரில் அந்த வெயில் இல்லாத மாதத்தை எங்கே தேடுவது? வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

குறை என்றால் நாற்றம்தான். அடித்த அன்று ராத்திரி அத்தை ஹாலில் உட்காரவே மாட்டார், “வீடா இது, வைத்தியசாலையா” என்பார். மீன் தொட்டி இருந்தால் மூடிவிட்டு அடியுங்கள். 5க்கு மூன்றரை கொடுப்பேன், செம்பேன் தொந்தரவு மட்டும் என்றால் நான்கு.

வாங்கி வைத்த செக்கு எண்ணெயில் மீதியை ஏற்காட்டில் இருக்கும் சித்திக்குக் கொடுத்தேன். மலையில் குளிர்ச்சியும் பனியும் இருப்பதால் அவருக்குச் செம்பேன் தொல்லை அவ்வளவு இல்லை, ஆர்க்கிட் செடியில் செதில் பூச்சிதான். டிசம்பரில் போன் பண்ணி “என்ன கண்ணு, எண்ணெய் நெய் மாதிரி உறைஞ்சு கிடக்குது, கெட்டுப்போச்சா?” என்றார். கெடவில்லை, குளிரில் வேப்பெண்ணெய் அப்படித்தான் இறுகும். பாட்டிலைச் சுடுதண்ணீரில் பத்து நிமிஷம் வைத்துவிட்டு அடிக்கச் சொன்னேன், கொதிக்கிற தண்ணீர் வேண்டாம் என்றும் சேர்த்து.