ஹஸ்கெலும் ஒட்டி வரும் புள்ளியும்: நீண்டகாலப் பாவனையில் கண்டது

யாழ்ப்பாணத்தில் இருந்தபடி பல வருசமாக ஹஸ்கெல் என்ற நிரல்மொழியில்தான் நிரல் எழுதுகிறேன். அதன் ஜிஎச்சி (GHC) கொம்பைலர், அதாவது நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள், தரும் டைப் (தரவு வகை) பிழைச் செய்திகள் நீளமானவை, ஆனால் பெரும்பாலும் சரியான இடத்தைக் காட்டிவிடும். மொடியூல் (தனிக் கோப்பாக இருக்கும் நிரல் தொகுதி) பெயர் புள்ளியோடு ஒட்டி வரும் பெயர்களில் மட்டும் அது ஆளை வேறு பக்கம் கூட்டிக்கொண்டு போய்விடுகிறது.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் கம்பஸ் பொடியளுக்குப் பின்னேரங்களில் சொல்லிக்கொடுக்கும்போது இது திரும்பத் திரும்ப வரும். கிழமை நாட்களை ஒரு டேட்டா டைப்பாக எழுதிவிட்டு, எல்லா நாளையும் எடுக்க [மண்டே..சண்டே] ([Monday..Sunday]) என்று அடிப்பார்கள். மண்டே என்ற மொடியூல் இம்போர்ட் செய்யப்படவில்லை என்று கொம்பைலர் சொல்லும்.

“அண்ணா, இதுக்கு எந்த மொடியூலை இம்போர்ட் பண்ண வேணும்?”

ஒன்றும் வேண்டாம். மண்டேக்குப் பிறகு ஓர் இடைவெளி விட்டால் சரி.

கேப்பிட்டல் எழுத்தில் தொடங்கும் பெயரோடு புள்ளி ஒட்டி, அதோடு இன்னொரு பெயரோ குறியோ ஒட்டினால், நிரலை முதலில் துண்டு துண்டாகப் பிரிக்கும் லெக்ஸர் அத்தனையையும் ஒரே டோக்கனாக, அதாவது ஒரே துண்டாக, விழுங்கிவிடும். இங்கே முதல் புள்ளி மொடியூலைப் பிரிப்பது. இரண்டாவது புள்ளி அந்த மொடியூலுக்குள் இருப்பதாக நினைக்கப்படும் ஒபரேட்டர் (செயற்குறி). துண்டுகளைச் சேர்த்து இலக்கணம் பார்க்கும் பார்ஸரின் கைக்கு வருமுன்பே எல்லாம் முடிந்துவிடுகிறது. மொழியின் விதிகளை வரையறுக்கும் ஹஸ்கெல் 2010 அறிக்கை சொல்லும் விதியே இதுதான், ஆகவே கொம்பைலரைக் குறை சொல்ல முடியாது. செய்தியோடு இடைவெளி பற்றி ஒரு வரி சேர்ந்து வந்தால் புதிதாகப் படிப்பவர்களுக்கு எவ்வளவு நேரம் மிஞ்சும்!

ஜஸ்ட், நெகேட் இரண்டையும் இணைக்க ஜஸ்ட்.நெகேட் (Just.negate) என்று ஒட்டி எழுதினாலும் இதே கதைதான். மேப் (Map) என்ற பெயரில் இம்போர்ட் செய்த மொடியூலிலிருந்து ஆச்சரியக்குறி ஒபரேட்டரை எடுக்க மேப்.(!) என்று எழுதினால், மேப் என்ற கன்ஸ்ட்ரக்டர் (ஒரு டைப்பின் மதிப்பை உருவாக்கும் பெயர்) இல்லை என்று வேறொரு செய்தி வரும். (மேப்.!) என்று அடைப்புக்குள் முழுவதையும் போட வேண்டும்.

சிறிய எழுத்துப் பெயர்களுக்கு இடையில் ஒட்டிய புள்ளி முன்பெல்லாம் ஃபங்ஷன்களை இணைப்பது மட்டும்தான். 2021இல் வந்த ஜிஎச்சி 9.2 பதிப்பு முதல், ஓவர்லோடட் ரெக்கோர்ட் டொட் (OverloadedRecordDot) என்ற வசதியை இயக்கினால் அந்தப் புள்ளி ரெக்கோர்டின் (பல தகவல்களைப் பெயரிட்டுச் சேர்த்து வைக்கும் அமைப்பின்) ஃபீல்டை, அதாவது அதிலுள்ள ஒரு தகவலை, எடுப்பதாக மாறிவிடும். அதனால் ஃபங்ஷன்களை இணைக்கும் புள்ளிக்கு இரண்டு பக்கமும் இடைவெளி விடச் சொல்லி இப்போது கண்டிப்பாகவே சொல்கிறேன். பழைய நிரல்களில் அந்த வசதியை இயக்குமுன் இவற்றைத் தேடித் திருத்திவிடுங்கள்.