தீம் பார்க் டூர்: பிள்ளைகளோடு கிளம்புகிற மதுரைக்காரர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் போடுங்கள்

அரையாண்டு லீவுக்கான டூர் போஸ்டர்கள் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிட்டன. தண்ணீர்ச் சறுக்கில் ஏதோ வெளிநாட்டுக் குடும்பம் வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கும் படம். அதற்குக் கீழே மஞ்சள் எழுத்தில் "மதுரை – மூணாறு – கொச்சி வொண்டர்லா, 3 பகல் 2 இரவு, அனைத்தும் உள்ளடக்கம், 5 வயதுக்குக் கீழ் இலவசம்". காலாண்டு லீவில் நாங்கள் இதே போஸ்டரைப் பார்த்துத்தான் போனோம். குடும்பமாக எட்டுப் பேர், கொடுத்தது 31,200 ரூபாய். பிள்ளைகள் பார்க்குக்குள் ஒழுங்காக விளையாடிய நேரம் இரண்டு மணி நேரம் தேறினால் அதிகம்.

வொண்டர்லா பார்க்கின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. 2000இல் வீகாலாந்து என்ற பெயரில் தொடங்கி இன்றுவரை சுத்தமாக நடத்துகிறார்கள். என் வயிற்றெரிச்சல் எல்லாம் அங்கே கூட்டிப்போன டூர்காரர் மேல்தான். புகார் இன்னும் முடியவில்லை, அதனால் பெயர் போடவில்லை. ஆனால் இவர் ஒருத்தர் மட்டும் செய்கிற வேலை இல்லை இது. போய் வந்தபிறகு தெரிந்தவர்களிடம் பேசினால், ஆளுக்கு ஒரு டூர்காரர், கதை ஒன்றேதான்.

மொபைல் ரீசார்ஜ் கடையில் ஓரமாகப் போட்ட ஒரு மேசைதான் அவருடைய ஆபீஸ். பேச்சு மட்டும் அவ்வளவு இனிப்பு. "அக்கா, நீங்க பிள்ளைகளத் தூக்கிட்டு வண்டியில ஏறுனாப் போதும். சாப்பாடு, ரூம், டிக்கெட்டு பூராம் நாங்க பாத்துக்கிருவோம்." பணத்தை அவர் சொந்த நம்பருக்கு ஜிபே செய்யச் சொன்னார். பில் கேட்டேன். "வவுச்சர் அனுப்பிருக்கேன்லக்கா, அதான் பில்லு" என்றார். அந்த வவுச்சரில் முகவரி இல்லை, ஜிஎஸ்டி நம்பர் இல்லை, ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்ற பேச்சே இல்லை. ஒன்றே ஒன்று இருந்தது: மணிவாரியாகப் பயணத் திட்டம். "இரண்டாம் நாள் காலை 11.00, பார்க் நுழைவு." அந்த ஒரு வரிதான் பின்னால் எங்களுக்குக் கைகொடுத்தது.

இரவு 9 மணிக்குக் காளவாசலில் நிற்கச் சொன்னார்கள். வண்டி பத்தரைக்கு மேல் வந்தது. ஏசி டெம்போ டிராவலர் என்று போட்டோ அனுப்பியிருந்தார்கள், வந்தது வேறு ஒரு பழைய வேன். ஏறியபிறகுதான் நாத்தனார் வீட்டுக்காரர், அண்ணன், கவனித்துச் சொன்னார்: நம்பர் பிளேட் வெள்ளை. வாடகை வண்டி என்றால் மஞ்சள் பிளேட்டில் கறுப்பு எழுத்து இருக்க வேண்டும். வெள்ளை போர்டு சொந்த உபயோக வண்டி. அதை வாடகைக்கு ஓட்டுவதே தப்பு. வழியில் ஏதாவது ஆகிவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி அதையே காரணமாகக் காட்டி இழுத்தடிக்கலாம். ராத்திரி பத்தரை மணிக்கு, தோளில் தூங்குகிற பிள்ளையோடு, ரோட்டோரத்தில் நின்றுகொண்டு யார் சண்டை போடுவது? அவர்களுக்கும் அது தெரியும். மீதிப் பணத்தை வண்டி உசிலம்பட்டி தாண்டுவதற்குள் வாங்கிவிட்டார்கள்.

போடிமெட்டு மலைப்பாதையில் பதினேழு கொண்டை ஊசி வளைவு. நடுராத்திரிக்கு மேல் அதில் ஏறும்போது ஏசியை அணைத்துவிட்டார் டிரைவர். கேட்டால், மலையில் ஏசி போட்டால் வண்டி இழுக்காதாம். யூகேஜி படிக்கிற மகள் வாந்தி எடுத்து ஓய்ந்துபோனாள். செக்போஸ்ட் வந்ததும் கிளீனர் எழுந்து நின்று "கேரளா பெர்மிட் செலவு, ஆளுக்கு எரநூறு" என்றான். மஞ்சள் போர்டு வண்டிக்குக் கேரளத்தில் பெர்மிட்டும் வரியும் உண்டு என்பது நிஜம்தான். வெள்ளை போர்டுக்கு ஏது டூரிஸ்ட் பெர்மிட்? அண்ணன் ரசீது காட்டச் சொன்னார். காலையில் தருவதாகச் சொன்னான். எந்தக் காலை என்று சொல்லவில்லை.

போஸ்டரில் போட்ட இரண்டு இரவில் முதல் இரவு இந்த வேன்தான்.

விடிந்ததும் மூணாறில் "ஃப்ரெஷ்ஷப் ரூம்". இந்த வார்த்தையைப் பேக்கேஜில் பார்த்தால் உடனே எத்தனை பேருக்கு எத்தனை ரூம் என்று கேளுங்கள். வண்டியில் வந்த மொத்தப் பேருக்கும் இரண்டே ரூம், ஆம்பளைகளுக்கு ஒன்று, பொம்பளைகளுக்கு ஒன்று. ஹீட்டர் ஓடவில்லை. கைக்குழந்தைக்குப் பால் காய்ச்ச வெந்நீர் கேட்டு ஹோட்டல் ஹோட்டலாக அலைந்தேன்.

அங்கிருந்து நேரே கொச்சிக்கு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. "இலவச ஸ்பைஸ் கார்டன் விசிட்" என்று ஒரு தோட்டத்தில் இறக்கினார்கள். ஒருவர் முன்னால் நடந்து நாலு செடியைக் காட்டிவிட்டு, முழங்கால் தைலம், முடி வளரும் எண்ணெய் விற்கிற கவுண்டரில் கொண்டுபோய் நிறுத்தினார். அடுத்து சாக்லெட் கடை. அதற்கடுத்து இன்னொரு மசாலாக் கடை. டிரைவருக்கு அங்கே கமிஷன், அதனால் நாம் வாங்கும்வரை வண்டியில் சாவி போடமாட்டார். எங்கள் அத்தைக்குப் பொறுக்கவில்லை. "ஏத்தா, ஏலக்கா வாங்கவா பிள்ளைகளத் தூக்கிட்டு மலையேறி வந்தோம்? போடியில கெடைக்காத ஏலக்காயா?" ஏலக்காய் ஏலத்துக்கே பேர்போன ஊர் போடி. அதைத் தாண்டி வந்து மூணாறில் ஏலக்காய் வாங்கச் சொன்னால் அவருக்குக் கோபம் வராதா?

மூணாறிலிருந்து அடிமாலி, நேரியமங்கலம், கோதமங்கலம் என்று இறங்கிக் கொச்சி போவது சும்மா இல்லை. நல்ல ரோடாக இருந்தாலும் நாலு மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் பார்க் வாசலில் இறங்கியபோது மதியம் 2.10. மூடுவது மாலை 6 மணி என்றார்கள். போஸ்டரை எழுதியவருக்கு இந்தக் கணக்கு தெரியாமல் இல்லை. ராத்திரி கிளம்பி, மூணாறில் கடைகடையாக ஏறி இறங்கி, பதினோரு மணிக்குப் பார்க் இருக்கிற பள்ளிக்கரையில் நிற்கவே முடியாது. பார்க் பெயரைப் போட்டு ஆள் பிடித்து, நம் நேரத்தைக் கடைக்காரர்களுக்கு விற்கிறார்கள். இந்தத் தொழிலே அப்படித்தான் ஓடுகிறது.

டிக்கெட் கவுண்டரில் அடுத்தது. டூர்காரர் வயதுக் கணக்கில் காசு வாங்கியிருந்தார்: எட்டு வயதுக்கு மேல் என்றால் முழு டிக்கெட், 4,500. பார்க்கில் பார்ப்பதோ உயரம். 85 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் இலவசம். அதற்கு மேல் 140 வரை குழந்தை டிக்கெட். அதையும் தாண்டினால்தான் பெரியவர் டிக்கெட். நாத்தனார் மகன் நாலாவது படிக்கிறான், 140 வர இன்னும் நாலு விரல் பாக்கி. பெரியவர் காசு வாங்கிக்கொண்டு அவனுக்குக் குழந்தை டிக்கெட்தான் எடுத்தார்கள். அத்தைக்கு முதியோர் டிக்கெட், அதுவும் விலை குறைவு. வித்தியாசம் பூராவும் அவர் பைக்குப் போனது. "பேக்கேஜ்னா பேக்கேஜ்தான்க்கா, அதுல தனித்தனியா கணக்குப் பாக்கக்கூடாது" என்று பின்னால் போனில் சொன்னார். ஐந்து வயதுக்குக் கீழ் இலவசம் என்றாரே, ஒன்றரை வயசுப் பையனுக்கு? டிக்கெட்தான் இலவசமாம், வண்டியில் சீட் வேண்டும் என்றால் 1,000 ரூபாய். ராத்திரி முழுக்கப் பிள்ளையை மடியிலேயே வைத்துக்கொண்டு யாரால் உட்கார முடியும்?

உயரக் கணக்கு டிக்கெட்டோடு முடியவில்லை. பெரிய ராட்டினங்கள், தலைகீழாகச் சுற்றுகிறவை எல்லாம் 140 சென்டிமீட்டர் இருந்தால்தான் ஏற்றுவார்கள். ஒவ்வொரு ரைடு வாசலிலும் அளவுகோல் இருக்கிறது. பாதுகாப்புக்காக வைத்த விதி, அங்கே நிற்கும் பையன்களிடம் கெஞ்சிப் பிரயோஜனம் இல்லை, கெஞ்சவும் கூடாது. யூடியூபில் ரோலர் கோஸ்டரைப் பார்த்துப் பார்த்துக் கனவோடு வந்த நாலாங்கிளாஸ் பையன், அளவுகோலின் கீழே குதிகாலைத் தூக்கித் தூக்கி நின்றான். இதை ஊரிலேயே வீட்டுச் சுவரில் கோடு போட்டுப் பார்த்துச் சொல்லியிருந்தால் அவனும் மனதைத் தேற்றிக்கொண்டு வந்திருப்பான். டூர்காரர் எங்களிடம் கேட்டதெல்லாம் வயதுதான், ஒரு தடவைகூட உயரத்தைக் கேட்கவில்லை.

தண்ணீர் விளையாட்டுக்குப் பருத்தித் துணி ஆகாது. நைலான் மாதிரித் துணி வேண்டும். போஸ்டரில் "மாற்றுத்துணி கொண்டு வரவும்" என்று மட்டும் போட்டிருந்தார்கள். நாங்கள் கொண்டுபோனது சுடிதாரும் பனியனும். உள்ளே விற்கிறார்கள், வாங்கினோம். வெளிச் சாப்பாட்டுக்கும் அனுமதி இல்லை. அத்தை கட்டிக்கொண்டு வந்த புளியோதரை வேனிலேயே இருந்தது. "மதிய உணவு உள்ளடக்கம்" என்றார்களே என்று கேட்டால், அது வழியில் அடிமாலி பக்கம் கொடுத்த புரோட்டா என்றார் டிரைவர். பத்தரை மணிக்கு மதிய உணவு!

லாக்கர், துணி மாற்றுவது, சாப்பாடு எல்லாம் முடித்து நிமிர்ந்தால் மூன்றரை. லீவு நாள் கூட்டம், ஒவ்வொன்றுக்கும் வரிசை. மகள் குட்டிப் பிள்ளைகளுக்கான தண்ணீர்த் தொட்டியில் இறங்கி முகம் மலர்ந்த நேரம் பார்த்து இடி இடித்தது. அந்த நேரத்தில் கேரளத்தில் சாயங்காலம் மழை பிடிக்கும், இடி மின்னல் என்றால் வெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். காலையிலேயே உள்ளே போயிருந்தால் மழைக்கு முன்னால் பாதியாவது முடித்திருக்கலாம்.

"பார்க் அருகில் ஏசி ரூம்" என்பது பெரும்பாவூரையும் தாண்டி ஒரு லாட்ஜ். அதைப் பற்றி எழுதப்போனால் மூட்டைப்பூச்சிக்கே ஒரு பத்தி வேண்டும், விடுங்கள். மறுநாள் ஃபோர்ட் கொச்சி சீன மீன்வலையை வண்டியை நிறுத்தாமல் காட்டுவதுபோல் காட்டிவிட்டு ஒரு மாலில் மதியம் வரை விட்டுவிட்டுத் திரும்பினார்கள்.

ஊருக்கு வந்ததும் காசு கேட்டோம். "அடுத்த டூர்ல பத்து பர்சன்ட் கொறச்சுத் தர்றேன்க்கா" என்றார். அடுத்த டூராம்! தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்தேன். தமிழிலேயே பேசலாம், புகார் எண் கொடுக்கிறார்கள். நான் பத்திரமாக வைத்திருந்த இரண்டு விஷயம் அங்கே பேசியது: 11 மணி என்று எழுதிய வவுச்சர், பார்க் கொடுத்த டிக்கெட் ரசீது. அந்த ரசீதில் நேரமும் இருக்கும், எந்த வகை டிக்கெட், என்ன விலை என்பதும் இருக்கும். குரூப் டிக்கெட் என்று சொல்லி டிரைவர் கையிலேயே வைத்துக்கொள்ளப் பார்ப்பார். வாசலிலேயே கேட்டு வாங்கி ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். புகார் எண் போனதும் டூர்காரர் நாத்தனார் மகன் டிக்கெட்டுக்கும் அத்தை டிக்கெட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் திருப்பிப் போட்டார். பார்க்கில் போன மூன்று மணி நேரத்துக்கும், பெர்மிட் காசுக்கும், வேன் மாற்றியதற்கும் வாயே திறக்கவில்லை.

மீதிக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போகிறோம். 2019ஆம் வருடத்துச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். முதலில் எழுத்தில் ஒரு நோட்டீஸ் அனுப்பியாயிற்று, பதிவுத் தபாலில். ரீசார்ஜ் கடைக்காரர் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார்.

கொச்சிக்குத்தான் போக வேண்டும் என்றால் மதுரையிலிருந்து அமிர்தா எக்ஸ்பிரஸ் பாலக்காடு வழியாக ஆலுவா, எறணாகுளம் டவுன் போகிறது. ராத்திரி இறங்கி அங்கேயே படுத்து எழுந்தால் பார்க் திறக்கும்போதே வாசலில் நிற்கலாம். டிக்கெட்டை பார்க்கின் சொந்தத் தளத்திலேயே எடுக்கலாம். பிள்ளைகள் ரொம்பச் சின்னது என்றால் அவ்வளவு தூரமே தேவை இல்லை. திண்டுக்கல் ரோட்டில் பரவை பக்கம் 'அதிசயம்' தீம் பார்க் இருக்கிறது. காலையில் போய்ச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து தூங்கலாம்.

இல்லை, டூரில்தான் போவேன் என்பவர்கள் வண்டி நம்பரை முன்கூட்டியே வாங்கிப் பாருங்கள். கிளம்புகிற மணி, உள்ளே நுழைகிற மணி, வெளியே வருகிற மணி மூன்றையும் எழுதித் தரச் சொல்லுங்கள். வழியில் எந்தக் கடையில் நிறுத்துவார்கள் என்பதையும் சேர்த்து. நான் சும்மா வேறு நம்பரிலிருந்து அரையாண்டு டூருக்கு இதைக் கேட்டுப் பார்த்தேன். "சீட்டு ஃபுல்லாகிட்டு இருக்கு மேடம், நீங்க அட்வான்ஸ் போட்ருங்க, டைம் அப்புறம் சொல்றேன்" என்று பதில் வந்தது.